இமயத்து ஏரியும் இறைவி ஆலயமும்
நேபாளப் பொக்காராப் பள்ளத்தாக்கு உணர்த்தும் தீர்த்த மகிமை

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே சிறப்புற்று விளங்கும் இடத்தையே திருத்தலம் என்று நம் முன்னோர் போற்றினர். இம்மூன்றில் மூர்த்தியைக் கருவறையில் எழுந்தருளச் செய்து காக்கின்றோம். தலத்தை மதில் எழுப்பிக் காக்கின்றோம். கும்பாபிஷேகம், திருப்பணி, வருடாந்த மகோற்சவம் என்று இவ்விரண்டிற்கும் பொருளும் உழைப்பும் வாரி வழங்குகின்றோம். மூன்றாவதாகிய தீர்த்தத்திற்கு நாம் செய்வது யாது என்று வினவினால், தீர்த்தத் திருவிழா அன்று நீராடுகின்றோம் என்பதற்கு மேல் கூற ஒன்றும் இருப்பதில்லை.

இந்தக் குறையை உணர்த்தும் தலம் ஒன்று கடல் கடந்து, வடக்கே இமயமலையின் அடிவாரத்தில் உள்ளது. நேபாள நாட்டின் பொக்காராப் பள்ளத்தாக்கே அதுவாகும். காசி, கயா யாத்திரையுடன் நேபாளத்தையும் சேர்த்துச் செல்லும் அடியார் குழுக்கள் நம் நாட்டிலிருந்தும் புறப்படுகின்றன. பசுபதிநாதரைத் தரிசித்து, முக்திநாத்துக்குச் செல்லும் வழியில் அவர்கள் தங்கிச் செல்லும் ஊர் பொக்காரா. பலர் அதனை அழகிய காட்சிகள் நிறைந்த ஓர் உல்லாசப் பயண ஊராக மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அங்குள்ள ஏரிகளும் மலைகளும் குகைகளும் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை ஒவ்வொன்றும் வழிபாட்டுக்குரியவை என்பதை அறிந்து சென்றால் சுற்றுலா யாத்திரையாக மாறும்.

பாரதக் கதையும் இமயமும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோர மக்களுக்கு இமயம் அந்நியமான இடமன்று. உடப்பு ஸ்ரீ திரௌபதை அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும் நடைபெறுவதை யாவரும் அறிவர். பாரதப் போரும் பதினெட்டு நாட்களே நடந்தது. ஆனால் கதை போருடன் முடிந்துவிடவில்லை. அரசைப் பரீட்சித்துவிடம் ஒப்படைத்த பின் பஞ்சபாண்டவர் மரவுரி தரித்து, திரௌபதையுடன் வடதிசை நோக்கி நடந்தனர். இமயத்தில் ஏறும்போது முதலில் திரௌபதை வீழ்ந்தாள். அடுத்துச் சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என ஒவ்வொருவராக வீழ்ந்தனர். தருமர் மாத்திரம், கூட வந்த நாயைக் கைவிடாமல் மேலே சென்றார். நம் கரையில் தீமிதித்து வணங்கப்படும் அன்னையின் பூவுலக வாழ்வு நிறைவெய்தியது இமயத்திலேயே என்பதை நினைவிற் கொண்டு அம்மலையை நோக்கினால், அது வெறும் பனிமூடிய கல்மலையாகத் தோன்றாது.

பள்ளத்தாக்கின் அமைப்பு

பொக்காரா, நேபாளத் தலைநகர் காத்மண்டுவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர் இது. நம் நாட்டின் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால், பொக்காராவின் உயரம் அதில் பாதியும் இல்லை. ஆகவே அங்கு கடுங்குளிர் இல்லை. ஆனால் தலையை நிமிர்த்தினால் வடக்கே அன்னபூர்ணா மலைத்தொடர் வெண்பனியுடன் எழுந்து நிற்கிறது. அதன் முதற் சிகரம் 8,091 மீற்றர் உயரமுடையது. உலகில் 8,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்கள் 14 உள்ளன. அவற்றுள் மனிதர் முதன்முதலில் ஏறியது இந்த அன்னபூர்ணா சிகரமே. அது நிகழ்ந்தது 1950ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் திகதி.

அன்னபூரணி என்னும் திருநாமம் நமக்குப் பழக்கமானது. காசியில் ஈசனுக்கே அன்னமிட்ட தாயின் பெயர் அது. அந்தப் பெயரை மலைக்கு வைத்ததற்குப் பொருத்தம் உண்டு. பனி உருகி வரும் நீரும், மலை தடுத்து நிறுத்தும் மேகங்கள் பொழியும் மழையும் கீழேயுள்ள வயல்களை விளையச் செய்கின்றன. நேபாளத்தில் மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் பொக்காராவின் சுற்றுப்புறமும் ஒன்றாகும்.

பொக்காரா என்ற பெயர், குளத்தைக் குறிக்கும் ‘பொக்கரி’ என்ற நேபாளச் சொல்லுடன் தொடர்புடையது. ஆலயத் திருக்குளத்தை நாம் புஷ்கரணி என்கிறோம் அல்லவா? அச்சொல்லுக்கு உறவான சொல்லே அதுவும். பெயருக்கேற்ப இப்பள்ளத்தாக்கிலும் அதனை அடுத்தும் பேவா, பேக்னாஸ், ரூபா முதலிய ஒன்பது ஏரிகள் உள்ளன. ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இந்த ஒன்பது ஏரிகளும் சேர்ந்து 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன.

இந்த ஏரிகள் தோன்றிய விதம் வியப்புக்குரியது. கி.பி. 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் இப்பகுதியில் பெரும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. அப்போது அன்னபூர்ணா மலைகளிலிருந்து பெருந்தொகையான கல்லும் மண்ணும் சேதி ஆற்றின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கை நிரப்பின. பக்கவாட்டில் வந்து சேரும் சிற்றாறுகளின் வாய் அடைபட்டது. அடைபட்ட நீர் பின்புறமாகத் தேங்கி ஏரிகளாயிற்று. இது நில ஆய்வாளர் கண்ட முடிவு.

ஏரி நடுவே வாராகி அம்மன்

ஏரிகளுள் பெரியது பேவா. இதன் இன்றைய பரப்பு 4 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஏரியின் நடுவே சிறு தீவொன்றில் தால் பாராகி ஆலயம் அமைந்துள்ளது. ‘தால்’ என்பது ஏரி. ‘பாராகி’ என்பது நாம் வணங்கும் வாராகியே. வடநாட்டில் வகரம் பகரமாக ஒலிப்பது வழக்கம். சப்த மாதர்களுள் ஒருத்தியாகிய பன்றிமுகத்து அன்னை இங்கு துர்க்கையின் வடிவமாகப் போற்றப்படுகின்றாள். ஆலயம் இரண்டடுக்குக் கூரையுடன் நேபாளப் பாணியில் கட்டப்பட்டது. இராஜகோபுரமோ நீண்ட பிரகாரங்களோ இல்லை. கரையிலிருந்து வள்ளத்தில் ஏறியே சந்நிதியை அடைய வேண்டும். நேபாளத்தில் வார விடுமுறை நாளாகிய சனிக்கிழமைகளிலும் நவராத்திரி காலத்திலும் அடியார் கூட்டம் மிகுதியாக இருக்கும்.

அங்கு வழங்கும் தலவரலாறு பின்வருமாறு: ஏரி இருக்கும் இடத்தில் முன்பு செல்வம் கொழித்த ஓர் ஊர் இருந்தது. அன்னை ஒரு நாள் பிச்சைக்காரக் கிழவியின் வேடந்தாங்கி அவ்வூருக்கு வந்தாள். வீடு வீடாகச் சென்று உணவு கேட்டாள். எல்லோரும் விரட்டினர். ஊரின் மேட்டுப்புறத்தில் குடிசையொன்றில் வாழ்ந்த ஏழைத் தம்பதியர் மாத்திரம் தம்மிடம் இருந்ததைக் கொடுத்து உபசரித்தனர். அன்னை அவர்களை எச்சரித்துவிட்டு மறைந்தாள். பின்னர் பெருவெள்ளம் வந்து ஊரை மூழ்கடித்தது. மூழ்காமல் எஞ்சிய மேட்டு நிலமே இன்று ஆலயம் உள்ள தீவு என்பர்.

பசித்தவருக்கு அன்னமிடாத ஊரை நீர் கொண்டது என்பதே இக்கதையின் பொருள். அன்னதான மண்டபம் இல்லாத ஆலயத்தை நம் பகுதியில் காண்பது அரிது. ஆதலால் இக்கதையின் கருத்து நமக்குப் புதியதன்று. வெள்ளமும் மண்சரிவும் மலைநாட்டு மக்களின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளன என்பதையும் இதிலிருந்து அறியலாம். 2012ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி சேதி ஆற்றில் திடீரெனப் பெருக்கெடுத்த வெள்ளம் எழுபது பேரளவில் காவுகொண்டது.

ஏரிக் கரையில் ஜலாரி என்ற மீனவ சமூகத்தினர் வாழ்கின்றனர். ‘ஜாலம்’ என்பது வடமொழியில் வலையைக் குறிக்கும் சொல். வீச்சுவலையும் சிறு வள்ளமுமே அவர்களது தலைமுறைச் சொத்து. 1970களிலிருந்து ஏரியில் கூடுகள் அமைத்து மீன் வளர்க்கும் முறையும் அவர்களிடையே பரவியது. கரைவலை இழுத்தும் களப்பில் வலைவீசியும் வாழும் நம் மக்கள், மலைகளுக்கிடையில் தம்மைப் போன்ற ஒரு தொழில் சமூகத்தைக் காணலாம்.

குகையில் ஈசன், குன்றில் தேவி

பேவா ஏரியிலிருந்து வெளியேறும் நீர் சிறிது தூரம் ஓடிப் பாதாளத்தில் விழுகிறது. இதனைப் ‘பாதாளே சாங்கோ’, அதாவது பாதாள அருவி, என்று அவ்வூரார் அழைப்பர். பயணிகள் டேவிஸ் அருவி என்பர். 1961ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பெண்ணொருவர் இங்கு நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததால் அப்பெயர் வந்தது. வீதியின் மறுபுறத்தில் குப்தேஸ்வர் மகாதேவர் குகை உள்ளது. படிகளில் இறங்கி உள்ளே சென்றால், சுண்ணாம்புப் பாறையில் சொட்டும் நீரால் இயற்கையாக உருவான சிவலிங்கத் திருமேனியைத் தரிசிக்கலாம். மேலும் உள்ளே சென்றால் பாறை இடுக்கின் வழியாக மேலிருந்து விழும் அருவியைப் பின்புறமாகக் காணலாம்.

மேலே அன்னையின் தீவைச் சூழ்ந்திருந்த நீர், கீழே ஐயனின் குகைக்கருகே விழுகிறது. இரு ஆலயங்களுக்கும் தீர்த்தம் ஒன்றே. பொக்காராவுக்குச் செல்வோர் இந்த நீரோட்டத்தின் வழியே ஏரி, அருவி, குகை என்ற ஒழுங்கில் தரிசித்தால் அதன் பொருத்தம் நன்கு விளங்கும்.

ஊரின் பழைய பகுதியில் சிறு குன்றொன்றின் மீது விந்தியவாசினி அம்மன் ஆலயம் உள்ளது. வடநாட்டு வழக்கில் இவ்வன்னை பிந்தியபாசினி. திருமணம் முதலிய மங்கல காரியங்களுக்கு அவ்வூர் மக்கள் பெரிதும் நாடும் சந்நிதி இது. காலையில் மேகம் இல்லாவிடில் இங்கிருந்து பனிமலைகள் அனைத்தையும் காணலாம்.

மீன்வால் மலை

பொக்காராவில் எங்கு நின்றாலும் கண்ணில் படும் சிகரம் மச்சபுச்சரே. உயரம் 6,993 மீற்றர். மச்சம் என்றால் மீன், புச்சம் என்றால் வால். இரட்டையாகப் பிளந்த அதன் உச்சி, நீரில் தலைகீழாகப் பாயும் மீனின் வாலைப் போன்று இருப்பதால் இப்பெயர் பெற்றது. கடலோர மக்களுக்கு இப்பெயரைப் பொருள் கூறி விளக்க வேண்டியதில்லை.

இம்மலை சிவபெருமான் உறையும் இடமாகக் கருதப்படுகிறது. 1957ஆம் ஆண்டு ஆங்கிலேயக் குழுவொன்று இதில் ஏறி, உச்சிக்கு ஏறத்தாழ 50 மீற்றர் கீழே நின்று திரும்பியது. அதன் பின்னர் இம்மலையில் ஏறுவதற்கு நேபாள அரசு அனுமதி வழங்குவதில்லை. மிக உயர்ந்த எவரெஸ்ட் சிகரத்துக்கும் கட்டணம் பெற்று அனுமதி வழங்கும் நாடு அது. பணம் வரும் என்று தெரிந்தும் ஒரு மலையைத் தொடாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். புனிதம் என்று சொல்லும் இடத்தில் சில செயல்களைச் செய்யாமல் விடுவதும் வழிபாடே என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முக்திநாத்: கடல் மலையான இடம்

பொக்காராவுக்கு வடக்கே முஸ்தாங் மாவட்டத்தில் முக்திநாத் ஆலயம் உள்ளது. வைணவர் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் திருச்சாளக்கிராமம் எனப்படும் தலம் இதுவே என்பது அடியார் நம்பிக்கை. திருமங்கையாழ்வார் சாளக்கிராமத்தைப் பத்துப் பாசுரங்களால் மங்களாசாசனம் செய்துள்ளார். பனிமலைக்கு அப்பால் உள்ள ஒரு தலம் அக்காலத்திலேயே தமிழில் பாடப்பட்டது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

ஆலயம் 3,700 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. நமது நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதலாகல 2,524 மீற்றர் என்பதை ஒப்பு நோக்குக. ஆலயத்தின் பின்புறம் அரைவட்டமாக அமைந்த மதிலில் 108 தாரைகளிலிருந்து பனிநீர் கொட்டுகிறது. அருகே ஜ்வாலா மாயி ஆலயத்தில், நிலத்தடியிலிருந்து வரும் இயற்கை வாயுவால் தீச்சுடர் ஒன்று நீரின் அருகிலேயே எரிந்துகொண்டிருக்கிறது. பௌத்தர்களும் இத்தலத்தைப் புனிதமாக மதித்து வழிபடுகின்றனர். பௌத்த பிக்குணிகள் இங்கு பணிபுரிகின்றனர். ஒரே வளாகத்தில் இரு சமயத்தவரும் பூசலின்றி வணங்கும் காட்சி, முன்னேஸ்வரத்தில் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக நின்று வணங்குவதை நினைவூட்டும்.

இங்கு ஓடும் காளி கண்டகி ஆற்றிலேயே சாளக்கிராமக் கற்கள் கிடைக்கின்றன. துளசியாகிய பிருந்தையின் சாபத்தால் திருமால் கல்லானார் என்பது புராணம். ஆதலால் சாளக்கிராமத்துக்குப் பிராண பிரதிஷ்டை தேவையில்லை. அது தானே மூர்த்தி. கருநிறக் கல்லை உற்று நோக்கினால் உள்ளே சக்கரம் போன்று சுருண்ட கோடுகள் தெரியும்.

விஞ்ஞானம் கூறுவது இதனினும் வியப்பானது. அந்தச் சுருள்கள், 14 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அதற்கு அப்பாலும் கடலில் வாழ்ந்த ஓடுடைய உயிரினங்களின் எச்சங்களாகும். அம்மொனைற்று என்பது அவற்றின் பெயர். நம் மீனவரின் வலையில் இன்று அகப்படும் கணவாய்க்கு அவை தூரத்து உறவு. அக்காலத்தில் இமயமலை இல்லை. அவ்விடத்தில் டெதிஸ் என்ற பெருங்கடல் இருந்தது. தெற்கிலிருந்து நகர்ந்து வந்த இந்திய நிலப்பகுதி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசிய நிலப்பகுதியுடன் மோதியது. அந்த அழுத்தத்தால் கடலின் அடித்தளம் மடிந்து எழுந்து மலையாயிற்று. எவரெஸ்ட்டின் உச்சியிலும் கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறையே உள்ளது.

ஆகவே நம் கரையில் சங்கும் சோழியும் பொறுக்கும் சிறுவனும், கண்டகியில் சாளக்கிராமம் தேடும் அடியவரும் தொடுவது கடலின் கொடையையே. திருப்பாற்கடலில் பள்ளி கொண்டவனைக் கடல் தந்த கல்லில் வணங்குவது பொருத்தமே அன்றோ?

யாத்திரை செல்வோர் கவனிக்க வேண்டியவை

இத்தலங்களுக்குச் செல்வோர் பெரும்பாலும் கடமைகளை முடித்த முதியவர்கள். கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடலுக்கு மலை உயரம் ஆபத்தாகலாம். ஆதலால் பின்வருவனவற்றை மனங்கொள்ளல் நன்று.

1. ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் மார்ச், ஏப்ரல் மாதங்களும் உகந்தவை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை கடும் மழை. அக்காலத்தில் மண்சரிவால் வீதிகள் தடைப்படும்.

2. பொக்காராவிலிருந்து ஜொம்சொம் வரை சிறிய விமானத்தில் ஏறத்தாழ 20 நிமிடத்தில் செல்லலாம். நண்பகலை அண்டிப் பலத்த காற்று வீசுவதால் காலையில் மாத்திரமே விமானங்கள் பறக்கும். மேகம் மூடினால் பயணம் நிறுத்தப்படும். 2022ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி இவ்வழியில் நேர்ந்த விமான விபத்தில் 22 பேர் உயிரிழந்தனர். எனவே தாமதத்துக்கு அவசரப்படாமல், மேலதிகமாக இரண்டு நாட்களைக் கையில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

3. முக்திநாத்தில் காற்றின் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். ஜொம்சொம் அல்லது காக்பேனியில் ஓரிரவு தங்கிப் பின் மேலே செல்வது நல்லது. கடும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல், நடையில் தள்ளாட்டம் ஏற்பட்டால் தரிசனத்தை ஒத்திவைத்து உடனே கீழே இறங்க வேண்டும். இதற்கு முதல் மருந்து இறங்குவதே.

4. இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். வழக்கமான மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

5. 108 தாரைகளிலும் நீராட வேண்டும் என்று முதியவர்கள் பிடிவாதம் கொள்ளலாகாது. ஒவ்வொரு தாரையிலும் கையை நனைத்துத் தலையில் தெளித்துக் கொண்டாலும் நீராடிய பலன் உண்டு.

6. ஏரியில் வள்ளம் ஏறுவோர் பாதுகாப்பு அங்கி அணிய வேண்டும். கடலில் பழகியவர் என்ற துணிவு அங்கு வேண்டாம்.

7. சாளக்கிராமக் கற்களை வாங்குவோர், அவற்றை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதற்கான விதிகளை முதலில் உரிய அதிகாரிகளிடம் கேட்டறிய வேண்டும்.

தேய்ந்து வரும் தீர்த்தம்

இத்துணைச் சிறப்பு வாய்ந்த பேவா ஏரி இன்று சுருங்கி வருகிறது. 1950களில் இருந்த அதன் பரப்பில் பெரும்பகுதி குறைந்துவிட்டது. மேற்கிலிருந்து வந்து சேரும் ஹர்பன் ஆறு ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலைச்சரிவுகளின் மண்ணை அள்ளி வந்து ஏரியில் கொட்டுகிறது. மேலே மரங்கள் வெட்டப்பட்டதும், முறையின்றி மலையைக் குடைந்து வீதிகள் அமைத்ததும் இதற்குக் காரணங்கள். ஏரியின் மேற்குப் பகுதி வண்டல் நிறைந்து வயலாகவும் சதுப்பாகவும் மாறிவிட்டது. கரையோர விடுதிகளின் கழிவுநீர் சேர்வதால் ஆகாயத்தாமரை படர்கிறது. 2018ஆம் ஆண்டு நேபாள உச்ச நீதிமன்றம், ஏரிக்கரையிலிருந்து 65 மீற்றருக்குள் கட்டடங்கள் கூடாது எனக் கட்டளையிட்டது. வீதியும் விடுதியும் பெருகிவிட்ட பின் அதனை நடைமுறைப்படுத்துவது அங்கு பெரும் சிக்கலாயிற்று.

எண்ணிப் பார்த்தால் இதில் ஒரு வேதனை உண்டு. அன்னையின் அழகிய ஏரியைக் காணவே மக்கள் வருகின்றனர். அவர்கள் தங்குவதற்கு எழுப்பிய கட்டடங்களே ஏரியைக் கெடுக்கும் காரணங்களுள் ஒன்றாயின. ஏரி தூர்ந்துபோனால் தீவு இராது. வள்ளமும் வேண்டியிராது. ஆலயம் ஒரு வெளியின் நடுவே நிற்கும்.

ரூபா ஏரி மீனவர் கண்ட வழி

அதே பொக்காராவில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. பேவாவுக்குக் கிழக்கே உள்ள ரூபா ஏரியும் இவ்வாறே மண்ணும் களையும் நிறைந்து அழியும் நிலையில் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் ஏரியைச் சூழ வாழ்ந்த குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தன. களைகளை அகற்றி, மீன்குஞ்சுகளை விட்டு, ஏரியைப் பராமரித்து, மீன் விற்று வருமானம் பெற்றனர்.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. ஏரிக்கு வரும் மண் மேலேயுள்ள மலைக் கிராமங்களிலிருந்து வருகிறது என்பதை உணர்ந்தனர். மேலே உள்ளவர் காட்டைக் காத்தால்தான் கீழே உள்ளவருக்கு ஏரி நிலைக்கும். ஆனால் மேலே உள்ள ஏழை விவசாயி, தனக்கு ஒரு பயனுமின்றி ஏன் காட்டைக் காக்க வேண்டும்? எனவே மீன் வருமானத்தில் ஒரு பங்கை மேல்நிலக் கிராமங்களின் காடு பேணும் குழுக்களுக்கும் அங்குள்ள பாடசாலைகளுக்கும் ஆண்டுதோறும் கொடுக்கத் தொடங்கினர். மலையில் மரம் நின்றது. ஏரிக்கு வரும் மண் குறைந்தது. மீன் பெருகியது. நன்மை இரு பக்கத்தாருக்கும் கிடைத்ததால் இந்த ஏற்பாடு நிலைத்தது.

இதனைச் செய்தவர்கள் படித்த பெரியவர்களோ செல்வந்தர்களோ அல்லர். வலையும் மண்வெட்டியும் பிடித்த சாதாரண மக்கள்.

நமது கரையின் தீர்த்தங்கள்

புத்தளம் முதல் சிலாபம் வரையான நமது கரையும் நீரால் சிறப்புற்ற நிலமே. புத்தளம் களப்பு, முந்தல் களப்பு, சிலாபக் களப்பு, இவற்றை இணைத்து ஓடும் ஒல்லாந்தர் கால்வாய், முன்னேஸ்வரப் பெருமான் தீர்த்தமாடும் தெதுறு ஓயா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருங்கடல். இவை யாவும் நம் ஆலயங்களின் தீர்த்தங்களே. நம் மக்களின் அடுப்பெரிவதும் இவற்றாலேயே.

1980களில் இம்மாவட்டத்தில் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியபோது களப்போரக் கண்டல் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் தொட்டில் அக்கண்டல் வேர்களே என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு. 1990களில் நோய் பரவியதும் பல இறால் பண்ணைகள் கைவிடப்பட்டன. வெறும் குழிகள் எஞ்சின. தெதுறு ஓயாவில் அளவுக்கு மீறி மணல் அகழப்பட்டதும் நாம் அறிந்ததே. பேவாவைக் கெடுத்தது மண்ணின் மிகுதி. தெதுறு ஓயாவைக் கெடுத்தது மண்ணின் இழப்பு. விளைவு ஒன்றுதான்.

ரூபா ஏரி மக்களைப் பார்த்து நம் ஆலயங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. திருவிழா முடிந்ததும் பொலித்தீன் பைகளும் பிளாஸ்ரிக் போத்தல்களும் மாலைகளும் நீரில் சேராமல், அன்றே அகற்றுவதற்குத் தொண்டர் அணி ஒன்றை அமைக்கலாம். வருடாந்த வரவு செலவில் தீர்த்தப் பராமரிப்பு என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, சிறு தொகையேனும் ஒதுக்கலாம். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு, உரிய திணைக்களத்தின் ஆலோசனையுடன் களப்போரத்தில் கண்டல் கன்றுகள் நடலாம். நட்டதை மூன்று நான்கு ஆண்டுகள் பார்த்து வளர்ப்பதே முக்கியம். கன்று நடுவது ஒரு நாள் விழா, அதனைக் காப்பதே தொண்டு. மீனவர் சங்கமும் ஆலய பரிபாலன சபையும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால் இவை கைகூடும். இரண்டிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தவரே.

இமயம் சென்று வரும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கடன்பட்டுச் செல்ல வேண்டியதும் இல்லை. சென்று வந்தவர் அங்கு கண்ட ஏரியின் அழகைச் சொல்லட்டும். அந்த ஏரி எவ்வாறு சுருங்கியது, இன்னோர் ஏரி எவ்வாறு மீண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். செல்லாதவர் அதைக் கேட்டு, காலையில் தம் வாசலுக்கு எதிரே தெரியும் களப்பைத் தீர்த்தமென வணங்கி, அதில் குப்பை கொட்டாதிருந்தால் அவருக்கும் யாத்திரைப் பலனில் பங்குண்டு.

பனிமலையில் அன்னபூரணியாகவும், ஏரி நடுவே வாராகியாகவும், நம் கரையில் திரௌபதையாகவும் காளியாகவும் எழுந்தருளி அருள்பாலிக்கும் அன்னை, தன் தீர்த்தங்களைக் காக்கும் மனத்தையும் வலிமையையும் நமக்குத் தந்தருள்வாளாக.

சுபம்.